வெங்காரம் பசையல்ல

கோடாலிக்கு எஃகு வாய் வைக்கும் வேலையில் மூன்று முறை தோற்று, நான்காவது முறைதான் ஒட்டியது. ஒட்டிய அந்தக் கோடாலியில் இரண்டு மாதமாகச் சீமைக் கருவேல விறகு பிளக்கிறேன், வாய் அசையவில்லை. தோற்ற மூன்றையும் நடுவில் அறுத்துப் பார்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மூன்றும் மூன்று விதமாகத் தோற்றவை. மூன்று முறையும் நான் குறை சொன்னது மேலே தூவிய பொடியைத்தான், மூன்று முறையும் அது தப்பு. உலையில் இரும்பை ஒட்டப் பழகுகிற யாருக்காவது உதவும் என்று இவ்வளவையும் எழுதுகிறேன்.

வேலை இதுதான். எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பட்டையை நடுவில் மடக்கி, மடிப்பில் காம்பு நுழைகிற கண்ணை விட்டுவிட்டு, இரண்டு கன்னங்களுக்கும் நடுவே லாரி வில்பட்டையில் வெட்டிய துண்டைச் செருகி, மொத்தத்தையும் உலையில் காய்ச்சி அடித்து ஒன்றாக்க வேண்டும். உடம்பு மெதுவான இரும்பு, அடி தாங்கும். வாய் மட்டும் எஃகு, கூர் நிற்கும். எஃகு அரிதாகவும் விலை அதிகமாகவும் இருந்த காலத்தில் பல நாட்டுக் கொல்லர்களும் கோடாலியையும் உளியையும் இப்படித்தான் செய்தார்கள். வெல்டிங் ராடு கிடையாது, கரண்டு கிடையாது, நடுவில் உருக்கி ஊற்றுகிற பற்றாசு கிடையாது. சூடும் சுத்தியலும் மட்டும்தான்.

இரும்பு எப்படி இரும்போடு ஒட்டுகிறது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும், எனக்கு அது புரியவே ஒரு வருடம் ஆனது. இரண்டு சுத்தமான இரும்புப் பரப்புகளைப் போதுமான சூட்டில், இடையில் வேறு எதுவும் இல்லாமல் நெருக்கி அழுத்தினால் அவை ஒன்றாகிவிடும். முழுதாக உருக வேண்டியதில்லை. இங்கே எல்லாச் சிக்கலும் ‘இடையில் வேறு எதுவும் இல்லாமல்’ என்ற ஒன்றில்தான் இருக்கிறது, ஏனென்றால் சிவக்கக் காய்ந்த இரும்பில் காற்று பட்ட உடனே செதில் பிடிக்கத் தொடங்கிவிடும். பட்டடையைச் சுற்றி உதிர்ந்து கிடக்குமே கறுப்பாக, தகடு தகடாக, அதுதான். அந்தச் செதிலில் பெரும்பகுதியான இரும்பு ஆக்சைடு உருகுவதற்கு 1377 டிகிரி செல்சியஸ் வேண்டும். நாம் எம்.எஸ். இரும்பை ஒட்டுகிற சூடு ஏறக்குறைய 1250, 1300. ஆக, இரும்பு ஒட்டத் தயாராக இருக்கும்போதும் செதில் கெட்டியாகத்தான் இருக்கிறது, இரண்டு துண்டுகளுக்கும் நடுவே காகிதம் வைத்த மாதிரி.

இந்தச் செதிலைக் கரைத்துத் தண்ணீர் போல ஓட வைப்பதற்காகப் போடுவதுதான் ஃபிளக்ஸ். ஃபிளக்ஸ் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் பேனர்தான் நினைவுக்கு வரும், அதனால் பாடப் புத்தகத்தில் இருக்கிற ‘இளக்கி’ என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன், நல்ல சொல் அது. வேலையை அப்படியே சொல்கிறது. இளக்கி செதிலைக் கரைக்கிறது, கரைத்தபின் கண்ணாடி போல மேலே படிந்து புதுக் காற்று படாமல் மூடுகிறது, அடி விழும்போது கரைத்த அழுக்கோடு சேர்ந்து வெளியே ஓடிவிடுகிறது. கடைசியில் ஒட்டுக்குள் இளக்கி ஒரு துளிகூட மிச்சம் இருக்கக் கூடாது. பசை உள்ளே தங்கி ஒட்டும், இது வெளியே போனால்தான் ஒட்டும்.

நம்மிடம் எளிதாகக் கிடைக்கிற இளக்கி வெங்காரம். வெண்காரம் என்றும் சொல்வார்கள், ஆங்கிலத்தில் போராக்ஸ், நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கட்டியாகவே தருவார்கள். தங்க வேலை செய்கிற ஆசாரிகள் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்துத் தொட்டு வைப்பார்களே, அதே சரக்கு. முன்பு திபெத், லடாக் பக்கத்து ஏரிக்கரைகளில் வாரிய வெங்காரம் ஆடுகளின் முதுகில் ஏறி இமயமலைக் கணவாய்கள் வழியாகச் சமவெளிக்கு வந்து, அங்கிருந்து ஐரோப்பா வரைக்கும் போயிருக்கிறது. லடாக்கில் புகா பள்ளத்தாக்கு அதற்குப் பேர் போன இடம். இன்றைக்கு உலகத்துக்கு வேண்டியதில் பெரும்பங்கு துருக்கியிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் வருகிறது.

சரி, முதல் தோல்வி. துண்டுகளை மஞ்சளாகும் வரை காய்ச்சி, வெளியே எடுத்து, வெங்காரப் பொடியை அள்ளி அள்ளிப் போட்டேன். பொடி பொரிந்து, அப்பளம் போலப் பொங்கி, பாதிக்கு மேல் கரியில் உதிர்ந்தது. கடையில் வாங்குகிற வெங்காரத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி, சரியாகச் சொன்னால் 47 சதவீதம், தண்ணீர். படிகத்துக்குள் கட்டுண்ட அந்த நீர் சூட்டில் ஆவியாகிக் கிளம்பும்போது பொடியையும் தூக்கிக்கொண்டு போகிறது. ஆனால் அது சின்னத் தப்பு. பெரிய தப்பு, நான் போட்ட நேரம். மஞ்சள் சூடு வந்தபோது செதில் ஏற்கெனவே தடித்துவிட்டது, கன்னங்களுக்கு உள்பக்கம் முழுக்கச் செதில், அங்கே பொடி போகவே வழியில்லை. வெளியே மட்டும் பளபளவென்று கண்ணாடி பூசி, உள்ளே அழுக்கை வைத்து அடித்திருக்கிறேன். ஆறியபின் பட்டடை விளிம்பில் ஒரு தட்டு தட்டினேன், எஃகுத் துண்டு அப்படியே கழன்று விழுந்தது. உள்பக்கம் கரி போல இருந்தது.

இளக்கி போடும் நேரம் மங்கிய சிவப்பு. அதற்கு முன்னால் போட்டால் பொடி ஒட்டாமல் உதிரும், அதற்குப் பின்னால் போட்டால் செதில் முந்திக்கொள்ளும். வெங்காரம் உருகுவது 743 டிகிரியில், இரும்பு நன்றாகச் சிவக்கத் தொடங்குகிற சூடு ஏறக்குறைய அதுதான். சிவந்ததும் எடுத்து, கம்பி பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்துச் செதிலைத் தள்ளிவிட்டு, உடனே தூவ வேண்டும்.

இரண்டாவது முறை அதைச் சரியாகச் செய்தேன். நேரத்துக்குத் தூவினேன், இரண்டு பக்கமும் ஓடியது, சூடும் நன்றாக வந்தது. ஒட்டியும் விட்டது என்று நினைத்தேன். தேய்த்துக் கூர் வைத்து விறகில் இறக்கினேன், ஒரு வாரத்தில் கன்னத்தின் ஓரமாகத் தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தது. அறுத்துப் பார்த்தால் விளிம்பு சுற்றிலும் ஒட்டியிருக்கிறது, நடுவில் கால் அங்குலத்துக்குக் கறுப்புக் கண்ணாடி. கரைந்த செதிலும் வெங்காரமும் வெளியே போக வழியில்லாமல் உள்ளே மாட்டிக்கொண்டன. நான் செருகிய எஃகுத் துண்டின் முகம் நடுவில் லேசாகக் குழிந்திருந்தது, கிரைண்டரில் தேய்க்கும்போது கவனிக்காமல் விட்டது. குழி இருந்தால் விளிம்பு முதலில் மூடிக்கொள்ளும், நடுவில் இருப்பது சிறைப்பட்டுவிடும். ஒட்டப்போகிற முகங்கள் நடுவில் சற்றுப் புடைத்திருக்க வேண்டும், உள்ளங்கையைத் திருப்பினால் தெரிகிற புறங்கை அளவுக்குப் போதும். அப்போது நடு முதலில் தொடும், அடிக்க அடிக்க இளக்கி ஓரத்தை நோக்கி ஓடும். அடியும் அப்படித்தான், முதலில் நடு, பிறகு ஓரம். இந்த இரண்டாவது தோல்வியைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன், ஏனென்றால் அது வெளியே நன்றாக இருப்பது போலத் தெரிந்தது. இப்படி ஒரு கோடாலி இன்னொருவர் கையில் இருந்து, ஓங்கும்போது வாய் கழன்று பறந்தால் என்ன ஆகும்? அதனால்தான் இப்போது எதைச் செய்தாலும் ஒன்றுக்கு இரண்டாகச் செய்து, ஒன்றை அறுத்துப் பார்க்கிறேன்.

மூன்றாவது தோல்விதான் எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தது. நான் சனிக்கிழமைகளில் வேலை பழகப் போகிற பட்டறையில் ஆசாரி ஐயாவுக்கு எழுபது வயதுக்கு மேல். அவர் வெங்காரம் வைத்திருக்கவில்லை, சலித்த ஆற்று மணல் ஒரு டப்பாவில் இருக்கும். அவருடைய இள வயதில் மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுகிற வேலைதான் அதிகமாம். நீளப் பட்டையை வளைத்து, இரண்டு முனையையும் சரிவாகத் தட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, மணல் தூவி, வெள்ளைச் சூட்டில் ஒட்டி, அப்புறம் வளையத்தையே காய்ச்சிச் சக்கரத்தில் ஏற்றித் தண்ணீர் ஊற்றி இறுக்குவது. ஒரு பொழுதுக்கு இரண்டு சக்கரம் என்பார். அந்த ஒட்டு பாதையில் உருண்டு தேய்ந்துதான் போகுமே தவிர விட்டதில்லை என்று அவர் சொல்லும்போது எனக்கு அந்த மணலின் மேல் பெரிய நம்பிக்கை வந்தது. வெங்காரம் வேண்டாம் என்று மணலைத் தூவினேன். மணல் உருகிப் பளபளக்கும் வரை காய்ச்சிக்கொண்டே இருந்தேன். எம்.எஸ். கன்னம் அழகாக ஈரம் பூத்தது போல ஆனது. நடுவில் இருந்த வில்பட்டையின் நுனியிலிருந்து மத்தாப்பு போலப் பொறி பறந்தது. வெளியே எடுத்து ஒரு அடி வைத்ததும் எஃகு பாலாடைக்கட்டி மாதிரி உதிர்ந்தது. எரிந்துவிட்டது.

நான் மணலைத்தான் குறை சொன்னேன். ஐயா உதிர்ந்த துண்டைக் குறட்டால் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மணல் ஒண்ணும் மோசமில்ல தம்பி. அந்த இரும்பு வேற. இது வில்லுப்பட்டை, அவ்வளவு காய்ச்சல் தாங்காது.”

வீட்டுக்கு வந்து உருகுநிலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தபோது அவர் சொன்னது முழுதாக விளங்கியது. மணல் என்பது சிலிக்கா, அது தனியாக உருக 1700 டிகிரிக்கு மேல் வேண்டும், எந்தக் கரி உலையிலும் நாம் அந்தச் சூட்டுக்குப் போவதில்லை. ஆனால் மணல் செதிலைத் தொட்டால் கதை மாறுகிறது. சிலிக்காவும் இரும்பு ஆக்சைடும் கூடி ஃபயலைட் என்ற பொருள் உண்டாகிறது, அது ஏறக்குறைய 1200 டிகிரியிலேயே உருகி ஓடும். அதாவது மணல் வேலை செய்யும், ஆனால் 1200-ஐத் தாண்டினால்தான் வேலை செய்யத் தொடங்கும். கரிச்சத்து (கார்பன்) குறைந்த இரும்புக்கு அது நல்ல சூடு, வசதியாகத் தாங்கும். வில்பட்டையில் கரிச்சத்து அரை சதவீதத்துக்கும் மேல். கரிச்சத்து கூடக் கூட எஃகு இளகத் தொடங்குகிற சூடு இறங்கும், எரிவதும் சீக்கிரம் வரும். மணல் கண் விழிக்கிற நேரத்தில் என் எஃகு ஆபத்தான இடத்துக்குப் போய்விட்டது. வெங்காரமோ அதற்கு 450 டிகிரி முன்னாலேயே உருகி நிற்கிறது.

அதைவிட முக்கியம், பழைய இரும்பே வேறு. தேனிரும்பு என்று சொல்கிறோமே, மரக்கரி உலையில் வடித்து அடித்து எடுத்த இரும்பு, அதற்குள்ளேயே கசடு நூல் நூலாக ஓடியிருக்கும். அந்தக் கசடும் இரும்பு ஆக்சைடும் சிலிக்காவும் சேர்ந்ததுதான். காய்ச்சும்போது உள்ளிருந்தே கசிந்து தன் முகத்தைத் தானே கழுவிக்கொள்கிற இரும்பு அது. இளக்கியை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு பிறந்தது என்று சொல்லலாம். ஆறு டன்னுக்கும் மேல் எடையுள்ள தில்லி இரும்புத் தூணைப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்னால் இரும்புக் கட்டிகளை ஒன்றோடொன்று காய்ச்சி ஒட்டித்தான் எழுப்பினார்கள். தஞ்சாவூரில் பீரங்கி மேட்டில் கிடக்கிறதே, ஏழு மீட்டருக்கு மேல் நீளம், இருபது டன்னுக்கு மேல் எடை, அந்தப் பீரங்கியும் வார்த்ததல்ல. நீளப் பட்டைகளை உருளையாக அடுக்கி, மேலே வளையம் வளையமாக ஏற்றி, அடித்து ஒட்டியது. 17-ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்துக் கொல்லர்களின் வேலை. தஞ்சாவூர் போகிறவர்கள் பெரிய கோயிலோடு திரும்பிவிடாமல் அங்கேயும் ஒரு நடை போய் அந்த வளையங்களின் இணைப்பைப் பாருங்கள். அவ்வளவு பெரிய பொருளை எல்லா இடத்திலும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவர எத்தனை பேர் துருத்தி ஊதியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மயிர் கூச்செறிகிறது.

ஜப்பானில் வாள் செய்கிறவர்கள் எஃகை மடித்து மடித்து ஒட்டும்போது வைக்கோல் சாம்பலில் புரட்டி, மேலே களிமண் குழம்பை ஊற்றுகிறார்கள். அவர்களுடைய எஃகில் கரிச்சத்து அதிகம், ஆனால் களிமண் பூச்சு காற்றைத் தடுத்துக்கொண்டு நிற்கிறது. நெல் வைக்கோல் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காதான், ஆக அதுவும் மணலுக்கு உறவு. ஒவ்வோர் ஊரும் தன் இரும்புக்குத் தகுந்த பொடியைத்தான் எடுத்திருக்கிறது. நாம் இன்று பழைய லாரி வில்லையும் பேரிங்கையும் உலையில் போடுகிறோம், அதனால் நமக்கு வெங்காரம் தேவைப்படுகிறது. இதில் ஐயாவின் மணல் தாழ்ந்ததும் இல்லை, வெங்காரம் உயர்ந்ததும் இல்லை.

நான்காவது முறை செய்ததை விரிவாகவே சொல்கிறேன். முதல் நாளே வெங்காரத்தை ஒரு பழைய இரும்புச் சட்டியில் வறுத்து (அந்தச் சட்டியை அப்புறம் சமையலுக்கு எடுக்கவே கூடாது), பொங்கி வெள்ளை நுரையாகி அடங்கியதும் இடித்துச் சலித்து, மூடி இறுக்கமான பாட்டிலில் வைத்தேன். நீரில் பெரும்பகுதி போய்விடுவதால் பிறகு உலையில் அவ்வளவு பொங்காது. திறந்து வைத்தால் காற்றிலிருந்து மறுபடி ஈரம் இழுக்கும். அதில் நான்குக்கு ஒன்று போரிக் அமிலம் கலந்தேன். கேரம் போர்டில் தூவுகிற பவுடர் பலவும் போரிக் அமிலம்தான். அது இன்னும் குறைந்த சூட்டிலேயே இளகி இரும்பில் பிடித்துக்கொள்வதால் பொடி உதிர்வது குறைகிறது.

ஒட்டுகிற முகங்கள் நான்கையும் பளிச்சென்று இரும்பு தெரியும் வரை தேய்த்தேன், நடு சற்றுப் புடைப்பாக. கன்னங்களை மடக்குவதற்கு முன்பே, மங்கிய சிவப்பில், உள்முகங்களில் பொடியைத் தூவி உருகவிட்டேன், எஃகுத் துண்டுக்கும் அப்படியே தனியாகப் பூசினேன். அதன்பிறகுதான் செருகி மூடியது. உலையில் கரி ஆழமாக இருக்க வேண்டும், காற்று வருகிற வாய்க்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சாண் எரிகிற கரியாவது இருந்தால் அந்தக் கரியே காற்றில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். கரி குறைந்து காற்று நேராக இரும்பில் அடித்தால் எந்தப் பொடியாலும் காப்பாற்ற முடியாது. புளோயரைக் குறைத்து வைத்து, அவசரப்படாமல், அடிக்கடி புரட்டி, உள்ளே இருக்கிற எஃகும் வெளியே இருக்கிற கன்னமும் ஒரே நிறம் ஆகும்வரை காத்திருந்தேன். இளகிய மேல்முகம் நெய் தடவியது போல மினுங்கி, வெங்காரம் குமிழ் விட்டு அலைகிற நேரம் வரும். அதுதான் நேரம். பொறிக்காகக் காத்திருக்கக் கூடாது, எஃகிலிருந்து பொறி வந்தால் காலம் கடந்துவிட்டது.

எடுத்ததும் ஒரு உதறு, பட்டடையில் வைப்பு, நடுவில் மெதுவாக ஒரு அடி. இந்த முதல் அடியை ஓங்கிப் போடத்தான் கை துடிக்கும். மெதுவாகத்தான் போட வேண்டும், ஓங்கினால் துண்டுகள் வழுக்கி விலகிவிடும், அதோடு உருகிய இளக்கி நாலு திசையிலும் தெறிக்கும். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஏழெட்டு அடி, நான்கைந்து நொடிதான் இருக்கிறது, அதற்குள் சூடு இறங்கிவிடும். மறுபடி பிரஷ், மறுபடி பொடி, மறுபடி உலை. மூன்று சூடு கொடுத்தேன். மூன்றாவதில் அடியின் சத்தம் மாறியது. ஒட்டாத துண்டில் அடித்தால் ஓட்டைத் தட்டுவது போல இருக்கும், ஒட்டியதும் ஒரே கட்டையில் அடிக்கிற சத்தம் வரும். நிறத்திலும் தெரியும், ஆறும்போது இணைப்பில் கறுப்புக் கோடு விழாமல் முழுதும் ஒரே மாதிரி மங்கினால் நல்லது.

தெறிக்கிற இளக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. அது உருகிய கண்ணாடி, தோலில் ஒட்டிக்கொண்டு எரியும், உதறினால் போகாது. கண்ணாடி அணியாமல் இதைச் செய்யவே கூடாது. தோல் ஏப்ரன், பருத்திச் சட்டை, மூடிய செருப்பு வேண்டும், பாலியெஸ்டர் துணி வேண்டவே வேண்டாம். எதிரில் சம்மட்டி அடிக்கிறவருக்கும் இதெல்லாம் வேண்டும், வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளைப் பத்தடி தள்ளி நிறுத்துங்கள். வெங்காரப் புகையையும் தூசியையும் மூச்சில் இழுப்பது நல்லதல்ல, வெங்காரம் போன்ற போரான் சேர்மங்கள் கருவைப் பாதிக்கக்கூடியவை என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். காற்றோட்டமான இடத்தில்தான் வேலை, கர்ப்பிணிகள் பக்கத்தில் வர வேண்டாம்.

கேஸ் உலை வைத்திருப்பவர்கள் உலைக்குள் அடித்தரையில் ஒரு தடித்த ஓடு போட்டுக்கொள்ளுங்கள், சொட்டுகிற வெங்காரம் உலையின் உள்பக்கச் செராமிக் கம்பளியை வெண்ணெயில் சூடான கரண்டி இறங்குவது போலக் கரைத்துவிடும். ஒட்டி முடித்தபின் மேலே படிந்திருக்கிற கண்ணாடியை அரத்தால் ராவ வேண்டாம், அரத்தின் பல் போய்விடும். சூடாக இருக்கும்போதே பிரஷ் போடுங்கள், மிச்சத்தை வினிகரில் ஒரு ராத்திரி ஊற வைத்தால் இளகிவிடும்.

இளக்கியே இல்லாமலும் ஒட்டலாம். கத்தி செய்கிற சிலர் பல அடுக்கு எஃகைப் பளபளப்பாகத் தேய்த்து அடுக்கி, சுற்றிலும் வெல்டிங் வைத்து அடைத்து, மண்ணெண்ணெயில் முக்கி உலையில் வைக்கிறார்கள். காற்றே உள்ளே போகாவிட்டால் செதிலுக்கு வழியில்லை. நான் இன்னும் செய்து பார்க்கவில்லை.

அதற்கு முன்னால் வேறு ஒன்று செய்ய ஆசை. இடித்த பழைய வீட்டிலிருந்து ஜன்னல் கம்பி இரண்டு கிடைத்திருக்கிறது. பாதி அறுத்து வளைத்து ஒடித்தபோது ஒடிந்த இடம் மூங்கில் பிளந்தது போல நார் நாராக இருந்தது, அப்படியானால் தேனிரும்புதான். வரும் சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகிறேன். ஐயா மணலைச் சலித்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.